பட்டி வைத்த இலக்கம்

அந்த நீல வான் வண்டியை என் கணவர் விரும்பி வாங்கினார் என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பழைய இரும்புக் கடைக்காரன் அவர் தலையில் கட்டிவிட்டான் என்றுதான் அதைத் திருத்தின எட்டு மாதமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முகம் நசுங்கி, ஒரு பக்கக் கதவு உள்ளே போய், முன் கண்ணாடியும் இல்லாமல் அதை இழுத்துக்கொண்டு வந்து, துறைமுகத்துக்குப் போகும் தெருவிலிருந்த ஒரு கராஜில் இறக்கினார்கள். "இதுக்குள்ளை இருந்த ஆள் உயிரோடை இருக்கிறானோ?" என்று கேட்டேன். "அவனுக்கு ஒரு கீறலும் இல்லையாம். நீர் வானைப் பாரும்," என்றார் இவர். மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு மூலையாகத் தூக்கிப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

பலேர்மோவுக்கு முதலில் வந்தவள் நான்தான். லிபெர்த்தா தெருவில் ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை. அந்த அம்மாள் ஏசின ஏச்சிலேயே இத்தாலியன் படித்துவிட்டேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எங்கள் ஆட்கள் என்னைப் பகிடி பண்ணுவார்கள். இவர் நாலு வருடம் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தார். அங்கே மெக்கானிக். பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் கார்களை ஓடவைத்தவர்களில் இவரும் ஒருவர். இங்கே அதையெல்லாம் யாரிடம் சொல்வது? கையில் தொழில் இருந்தது, காட்டுவதற்குத் தாள் இல்லை. நான் பிடித்துக் கொடுத்த வேலைக்குத்தான் போனார். இளைப்பாறிய வக்கீல் ஒருவரைத் தூக்கி, குளிப்பாட்டி, சவரம் செய்து, சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளும் வேலை. "தூக்கி இறக்கிறதுதானே, ஜாக்கின்ரை வேலை," என்று சிரிப்பார். ஆனால் ஊருக்கு எழுதும் கடிதத்தில் 'வேலை' என்பதற்கு மேல் ஒரு சொல் எழுதமாட்டார்.

கராஜ்காரரை எல்லோரும் மாஸ்த்ரோ என்று கூப்பிடுவார்கள். எங்கள் போர்கோ வெக்கியோ சந்தையில் மீன் விற்கிறவரின் மூன்று சக்கர வண்டி ஒருநாள் தெரு நடுவே நின்றுவிட்டது. இவர் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே குனிந்து, ஒரு ஊசியும் கொஞ்சம் நூலும் வாங்கி, பெற்றோல் அடைப்பைக் குத்தியெடுத்து, கசிந்த குழாயைக் கட்டி, அதைக் கிளப்பிக் கொடுத்தார். மாஸ்த்ரோ சிகரெட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வியாழன் பின்னேரம், எங்கள் அரை நாள் விடுமுறையில், எங்கள் இருவரையும் கராஜுக்குக் கூப்பிட்டுப் பேசினார். நான்தான் மொழிபெயர்த்தேன். "இவருக்குத் தொழில் தெரியும் என்று எனக்குத் தெரியும். என் வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. ஒரு மூலை தருகிறேன். உடைந்த வண்டி ஒன்றை இவர் தனியாகக் கட்டி எழுப்பட்டும். நான் தொடவும் மாட்டேன், எட்டிப் பார்க்கவும் மாட்டேன். அது கொல்லாவுதோவில் தேறினால் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி, அடுத்த திங்களே இவரை முறையாகப் பதிந்து வேலைக்கு எடுக்கிறேன்."

கொல்லாவுதோ என்றால் அரசாங்கப் பரிசோதனை. விபத்தில் நொறுங்கின வண்டியைத் திருத்தினால் அரசாங்க எஞ்சினியர் ஒருவர் அடி முதல் நுனி வரை பார்த்து முத்திரை குத்த வேண்டும். குத்தாவிட்டால் அது தெருவில் ஓடக் கூடாது. வீட்டுக்கு நடந்து வரும்போது, "சுவரிலை ஒட்டுவாராமோ?" என்று இவர் மூன்று தரம் கேட்டார். மூன்றாம் தரம் நான், "ஓம், சாமிப் படத்துக்குப் பக்கத்திலை ஒட்டி ஊதுபத்தியும் கொளுத்துவார்," என்று சீறினேன். அவருக்கு அதுவும் நல்ல செய்தியாகத்தான் கேட்டது.

அப்படித்தான் அந்த வான் வந்தது. வியாழன் பின்னேரங்களும் ஞாயிற்றுக்கிழமைகளும் அதற்கே போயின. எங்கள் ஆட்கள் மலைக்கோயிலுக்கு ஏறும் ஞாயிறுகூட விட்டுப்போனது. அவர் வளைந்ததை நிமிர்த்தினார், வெட்டினார், ஒட்டினார். பொனட்டும் இடது பக்கத் தகடும் ஒரு கதவும் வேறு வான்களிலிருந்து வந்தன. இரும்புக் கடைக்காரன் தன் கொட்டிலில் கழற்றும் ஒவ்வொரு பாகத்திலும் மஞ்சள் பெயின்ற்றால் இலக்கம் எழுதிவைப்பான். சிலவற்றில் உளியால் குத்தியும் வைப்பான். அந்த இலக்கங்களை அழிப்பது என் வேலை. சாண்ட் பேப்பரால் தேய்த்துத் தேய்த்து என் விரல்நுனிகள் வழுவழுப்பாகிவிட்டன. சிஞ்ஞோராவின் வெள்ளிக் கரண்டி கையிலிருந்து நழுவி விழும். பிறகு இரும்புக் கறளைச் சுரண்டப் பழகினேன், பட்டி குழைக்கப் பழகினேன். பள்ளங்களை அடைக்கும் அந்தப் பசை, கடினமாக்கும் மருந்தைச் சேர்த்துக் குழைத்தால் கால்மணி நேரத்தில் கல்லாகிவிடும். அதற்குள் வைத்து இழுத்துவிட வேண்டும். எனக்கு அது நன்றாக வந்தது. "உமக்குக் கை இருக்கு," என்று ஒருநாள் சொன்னார். கல்யாணம் கட்டி ஒன்பது வருடத்தில் என் சமையலுக்குக்கூட அவர் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. அந்தச் சொல் எனக்குத் தலைக்கேறியிருக்க வேண்டும்.

செப்டெம்பரில் ஒரு திங்கட்கிழமை பரிசோதனைக்குத் திகதி கிடைத்தது. கடைசிக் கிழமை இவர் மற்ற நாள் இரவுகளிலும் கராஜுக்குப் போனார். எங்கள் ஆட்கள் யாருக்கும் கொல்லாவுதோவைப் பற்றித் தெரியாது. ஆனாலும் எல்லோரிடமும் ஒரு புத்திமதி இருந்தது. நானே அதைப் பெண் பார்க்க வருவதுபோலத்தான் நினைத்துக்கொண்டேன். எங்கள் வீடுகளில் பெண் பார்க்க வந்தால் சுவர் வெடிப்புக்குச் சுண்ணாம்பு பூசுவோம், கதிரைக் கிழிசலுக்கு மேல் துணி விரிப்போம், பிள்ளையின் நெற்றித் தழும்புக்குப் பவுடர் போடுவோம். பழசு தெரியக் கூடாது. அதுவும் அரசாங்க உத்தியோகத்தர் பார்க்க வருகிறார் என்றால் சொல்லவும் வேண்டுமா?

பரிசோதனைக்கு முதல்நாள் ஞாயிறு காலை, வக்கீல் கிழவருக்குக் காய்ச்சல் என்று அவருடைய மகள் போன் பண்ணினாள். இவர் போக வேண்டியதாயிற்று. மத்தியானம் அங்கிருந்து எனக்குப் போன் எடுத்தார். "நான் விடியத்தான் வருவன் போலை. வலப்பக்கக் கதவு விளிம்பிலை கொஞ்சம் பெயின்ற் விட்டுப்போச்சு. அதை மட்டும் பூசிவிடும். மற்றதெல்லாம் நான் சனிக்கிழமை பாத்து முடிச்சிட்டன்."

கராஜில் ஒருவரும் இல்லை. பூட்டின் திறப்பு என்னிடம் இருந்தது. கதவு விளிம்பைப் பூச அரை மணி நேரமும் ஆகவில்லை. பிறகு அப்படியே வீட்டுக்கு வந்திருக்கலாம். எதற்காகப் பொனட்டைத் திறந்தேன் என்று இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. வடிவு பார்க்கத் திறந்திருப்பேன். எஞ்சினுக்குப் பக்கத்துத் தகட்டில், எல்லாம் பளபளவென்று இருக்கும் இடத்தில், உள்ளங்கை நீளத்துக்கு ஒரு துண்டு மட்டும் பெயின்ற் இல்லாமல் கறளும் கிறீஸுமாக அசிங்கமாக இருந்தது. துணியால் துடைத்தேன். உள்ளே குத்தின எழுத்தும் இலக்கமுமாகத் தெரிந்தது. இரும்புக் கடைக்காரனின் குறி, இவர் அழிக்க மறந்துவிட்டார் என்று நினைத்தேன். நாளைக்கு அந்த எஞ்சினியர் திறந்தவுடன் முதலில் கண்ணில் படப்போவது இதுதானே, குப்பையிலிருந்து பொறுக்கினது என்று இது காட்டிக்கொடுத்துவிடுமே என்று பயந்தேன். கம்பித் தூரிகையை எடுத்துப் பலத்தையெல்லாம் சேர்த்துத் தேய்த்தேன். பட்டி குழைத்து வைத்து, காயவிட்டு, வழித்து, சாம்பல் பெயின்ற்றும் பூசினேன். அங்கே ஒன்று இருந்ததென்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்பமாட்டார்கள், அவ்வளவு சுத்தம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

திங்கள் காலை அவர் நேரே கராஜுக்கு வந்தார். இரவு முழுக்கக் கண்விழித்த முகம். ஆனாலும் சவரம் செய்து, நான் கொண்டுபோன வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டார். பொனட்டுக்கு மேல் நான் வைத்த சந்தனப் பொட்டை மட்டும் துடைத்துவிட்டு, "திரும்பி வந்து வையும்," என்றார். பொனட்டை அவர் திறக்கவில்லை. சனிக்கிழமையே எல்லாம் பார்த்தாயிற்றே. பொனட்டுக்குள் நான் பூசியதைச் சொல்ல நினைத்தேன். எஞ்சினியர் மெச்சும்போது தெரியட்டும் என்று சொல்லாமல் விட்டேன்.

பரிசோதனைக் களத்தில் எங்களுக்கு முன்னால் ஐந்தாறு வண்டிகள். எஞ்சினியர் கண்ணாடி போட்ட, அவசரமில்லாத மனிதர். உருளைகளுக்கு மேல் ஏற்றி பிரேக்கைப் பார்த்தார். ஊசி நேராக ஏறி நின்றது. விளக்கு, ஹோர்ன், புகை எல்லாம் சரி. பள்ளத்துக்குள் இறங்கி அடியைப் பார்த்துவிட்டு மேலே வந்து, "இந்த ஒட்டுவேலை யார் செய்தது?" என்று கேட்டார். "என் கணவர்," என்றேன். அவர் இவரைப் பார்த்துத் தலையாட்டி, "பிராவோ," என்றார். அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இவருடைய காது சிவந்துபோனது. அந்த ஒரு நிமிடம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறகு அவர் வாகனப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பொனட்டைத் திறக்கச் சொன்னார். "தெலாயோ இலக்கம்," என்றார். செசி நம்பர். ஒரு வாகனத்துக்கு அதுதான் பிறப்புச் சாட்சிப் பத்திரம். புத்தகத்தில் இருப்பதும் தகட்டில் குத்தியிருப்பதும் ஒன்றாக இருந்தால்தான் அது களவு போன வண்டியில்லை என்று அர்த்தம். எஞ்சினியர் டோர்ச் அடித்துத் தேடினார். இவர் குனிந்து, "இஞ்சை," என்று விரலை வைத்தார். விரல் வழுக்கிக்கொண்டு போனது. அவர் முகத்திலிருந்து இரத்தம் இறங்கினதை நான் பார்த்தேன். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தொடவேண்டாம் என்று எஞ்சினியர் சொன்னதை நான் மொழிபெயர்க்குமுன் இவர் சேட்டுப் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரால் பட்டியைச் சுரண்டத் தொடங்கிவிட்டார். பட்டி செதில் செதிலாக விழுந்தது. அதற்குக் கீழே இலக்கங்கள் தெரிந்தன, ஆனால் கம்பித் தூரிகையின் கீறல்கள் எல்லாவற்றையும் குழப்பியிருந்தன. கடைசி இரண்டு எண்களும் வாசிக்க முடியாமல் போயிருந்தன. எஞ்சினியர் இவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டுச் சத்தம் போட்டார். வாசலில் நின்ற பொலிஸ்காரர் வந்தார். சற்று முன் பிராவோ சொன்ன மனிதர் எங்களைக் கள்ளர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்துக் கேட்டார்: "இதை மூடினது யார்?"

நான் அதைத் தமிழில் சொன்னேன். இவர் என் பக்கம் திரும்பினார். கோபமாகக் கேட்கவில்லை. "நீர் நேற்று பொனட்டைத் திறந்தனீரே?"

"இல்லையப்பா. கதவு விளிம்பு மட்டுந்தான்."

அடுத்த மாதம் என் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி, புதுப்பிக்க வேண்டியிருந்தது. பொலிஸ்காரரின் கை இடுப்பில் இருந்தது. பயந்துபோனேன். அதெல்லாம் உண்மை. ஆனால் அந்த 'இல்லை' அவ்வளவு சுளுவாக வந்ததற்கு அது மட்டும் காரணம் இல்லை. 'உமக்குக் கை இருக்கு' என்று சொன்ன வாய் இனி என்ன சொல்லும் என்றும் பயந்தேன். இவர் திரும்பவும் குனிந்து அந்தத் தகட்டைப் பார்த்தார். "அப்ப நான்தான்," என்றார். "சொல்லும்." எஞ்சினியரிடம் இத்தாலியனில், "என் கணவர்," என்றேன். ஒட்டுவேலைக்குச் சொன்ன அதே இரண்டு சொற்கள்தான்.

வானை அங்கேயே தடுத்துவைத்து, கதவில் முத்திரைத் தாள் ஒட்டினார்கள். வீட்டுக்கு பஸ்ஸில் வந்தோம். "சனிக்கிழமை இரவு கடைசியா அந்தப் பக்கத்துக்குப் பட்டி வைச்சனான். கைவாக்கிலை அதுக்கு மேலையும் இழுத்திட்டன் போலை," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கம்பித் தூரிகையும் போட்டிருக்கிறன், பாத்தீரே? எனக்கு ஞாபகமே இல்லை," என்றார். செய்யாததைச் செய்ததாக நினைவுபடுத்திக்கொண்டு வந்தார். பஸ்ஸில் பொலிஸ் இல்லை, எஞ்சினியர் இல்லை. தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் ஆனைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். ஒவ்வொருவருக்கும் நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்றிருந்தேன். ஒரு நாள் தள்ளிய பொய்யை அடுத்த நாள் எடுப்பது இன்னும் கஷ்டம். ஒரு கிழமையானதும் அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த உண்மையாகவே ஆகிவிட்டது.

குளிர்காலத்தில் தாள் வந்தது. அந்தத் தகட்டை மருந்து போட்டுச் சோதித்தார்களாம். இலக்கம் அசல்தான், குற்றம் எதுவும் இல்லை, வானை எடுத்துத் திரும்பவும் பரிசோதனைக்குக் கொண்டுவரலாம். மாஸ்த்ரோவே எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். "களைத்த மனிதனுக்கு நடக்கக்கூடியதுதான். கொண்டுபோகச் சொல். என் சொல் மாறவில்லை," என்றார். நான் சொன்னேன். இவர் கதிரையின் விளிம்பில் இருந்துகொண்டு கையிரண்டையும் பார்த்தார்.

"அவருக்குச் சொல்லும். நம்பருக்கு மேலை பட்டி வைச்சிட்டு அது ஞாபகமும் இல்லாத ஒருத்தன், நாளைக்கு ஒரு பிரேக்கை விட்டுட்டு ஞாபகமில்லை எண்டால் ஆரோ ஒருத்தர் சாகவேணும். இந்தக் கையை நம்பி நான் ஒருத்தரையும் தெருவிலை விடமாட்டன்."

அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் விடாமல், பிழையில்லாமல். அந்த வசனத்தை முடித்துவிட்டு இன்னும் ஒரு வசனம் நான் சேர்த்திருக்கலாம். மாஸ்த்ரோ காத்துக்கொண்டும் இருந்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப்போய்விட்டார். மீன்காரர் அந்த வானை வாங்கித் தானே பரிசோதனைக்குக் கொண்டுபோனார். முதல் தரத்திலேயே தேறியது. இவருடைய ஸ்பானர் பெட்டியும் அவரோடுதான் போனது.

மூன்று வருடம் போனது. வக்கீல் இறந்துபோனார். இவர் இன்னொரு கிழவரிடம் வேலைக்குப் போனார். வீட்டில் மின்விசிறி நின்றால்கூட ஆளைக் கூப்பிடச் சொல்வார். பகிடி விடுவதும் சிரிப்பதும் குறையவில்லை. ஆனபடியால் அவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு பின்னேரம், நேப்பிள்ஸுக்குக் கப்பலேறும் எங்கள் ஆட்களை வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போயிருந்தோம். அவர்கள் உள்ளே போனபிறகு திரும்பி நடந்தோம். கப்பலுக்குள் ஏறும் வரிசையில் ஒரு சின்னக் கார் நின்றுவிட்டது. பின்னால் எல்லோரும் ஹோர்ன் அடித்தார்கள். ஒரு பெண், கைக்குழந்தையோடு, பொனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்து, "யாருக்காவது தெரியுமா?" என்று கத்தினாள். இவர் ஒரு அடி அந்தப் பக்கம் எடுத்துவைத்தார். நான் பார்த்தேன். பிறகு இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து, வேகமாக நடந்தார். அப்படி ஒருவர் ஒளித்து ஓடுவதற்கு என்ன களவு செய்தார்? எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பின்னால் ஓடிப்போய்ச் சேட்டைப் பிடித்து இழுத்தேன்.

"நான்தான். அந்த நம்பருக்குப் பட்டி வைச்சது நான்தான். ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் இல்லை. உங்கடை கை ஒண்டும் செய்யேல்லை."

நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அழுதழுது, மஞ்சள் இலக்கம், கம்பித் தூரிகை, பொலிஸ்காரர், பஸ் எல்லாம்.

"அண்டைக்கு வீட்டை வந்தாப் பிறகு இதைச் சொல்லியிருந்தீரெண்டால்," என்றார், கணக்குப் பார்க்கிறவர் மாதிரி மெதுவாக, "ரெண்டு நாள் உம்மோடை கதையாமல் இருந்திருப்பன். மிஞ்சிப்போனால் மூண்டு நாள்."

"இனியும் போகலாமப்பா. மாஸ்த்ரோவிட்டை நான் வந்து சொல்லுறன்."

"அவர் அந்த வருஷமே வேறை ஆளை எடுத்திட்டார். அதோடை, இனி எனக்குப் பயம் போகாது. நான் இல்லை எண்டு இப்ப தெரியுது. கைக்குத் தெரியேல்லையே." நேரத்தைப் பார்த்தார். "கிழவருக்கு ஏழு மணிக்கு சூப் குடுக்கவேணும். வாரும், பஸ் போகப்போகுது."

பஸ்ஸில் எனக்கு யன்னல் பக்கத்து இருக்கையை விட்டார். சனம் கூடிப்போச்சு என்றார். நாளைக்கு வெங்காயம் வாங்க வேண்டும் என்று ஞாபகப்படுத்தினார். நான் காத்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் காலையும் தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்றார், சேட்டுக்குப் பொத்தான் தைக்கச் சொன்னார். அதற்கு அடுத்த நாளும் கதைத்தார். அந்த மூன்று நாளை அவர் எனக்குத் தரவேயில்லை.